வெள்ளை மாளிகையின் கிழக்குப் பிரிவு இடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 20ஆம் தேதி, வாஷிங்டனில் உள்ள வெள்ளை மாளிகையின் கிழக்குப் பிரிவை இடிக்கும் வேலை தொடங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் அது முற்றிலும் தரைமட்டமானது. அந்த இடத்தில் பெரிய விருந்து மண்டபம் ஒன்றைக் கட்ட அதிபர் டொனால்ட் டிரம்ப் முடிவு செய்ததே காரணம். செய்திகளில் 'பால்ரூம்' என்று அடிபடுவது இந்த மண்டபம்தான். 2025ஆம் ஆண்டின் இறுதி வரை நடந்தவற்றை வைத்து, இந்தச் சர்ச்சை குறித்து எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

இடிக்கப்பட்டது வெள்ளை மாளிகையா, அதன் ஒரு பகுதி மட்டுமா?

ஒரு பகுதி மட்டுமே. வெள்ளை மாளிகை வளாகத்தின் நடுவில் அதிபரின் குடும்பம் வசிக்கும் பழைய மாளிகை இருக்கிறது. அதன் மேற்கே, அதிபரின் ஓவல் அலுவலகம் அமைந்த மேற்குப் பிரிவு. கிழக்கே, தூண்கள் வரிசையிட்ட நடைபாதை ஒன்றின் வழியாக மாளிகையோடு இணைந்திருந்தது கிழக்குப் பிரிவு. 1792இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1814இல் பிரிட்டிஷ் படைகளால் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்ட நடு மாளிகை அப்படியே நிற்கிறது. கிழக்குப் பிரிவும், அதையொட்டி ஜாக்குலின் கென்னடியின் பெயரால் அமைந்திருந்த தோட்டமும் இப்போது இல்லை.

கிழக்குப் பிரிவு அவ்வளவு பழமையானதா? அங்கே என்ன இருந்தது?

நடு மாளிகையோடு ஒப்பிட்டால் அது இளைய கட்டடம்தான். 1902இல் தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தில் விருந்தினர்கள் உள்ளே வருவதற்கான நுழைவாயில் ஒன்று கிழக்கே கட்டப்பட்டது. அனைவரும் அறிந்த இரண்டு மாடி வடிவத்தை அது பெற்றது 1942இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில். மேலே அலுவலகங்கள் எழும்பியதற்கு இன்னொரு நோக்கமும் இருந்தது: அடியில் தோண்டப்பட்ட பதுங்கறையை மறைக்க அது தேவைப்பட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது துணை அதிபர் டிக் செனி அழைத்துச் செல்லப்பட்ட இடம் அந்தப் பதுங்கறைதான். போர்க்காலத்தில் இது வீண்செலவு என்று அன்றைய குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ரூஸ்வெல்ட்டைச் சாடினார்கள். ஆக, பிறக்கும்போதே சர்ச்சையோடு பிறந்த கட்டடம் இது.

பின்னாளில் அது அதிபரின் மனைவியுடைய அலுவலகத்துக்கான இடம் என்றே பெயர் பெற்றது. 1977இல் ரோசலின் கார்ட்டர் தமக்கென அங்கே அலுவலகம் அமைத்துக்கொண்ட பிறகு அந்த மரபு உறுதிப்பட்டது. அரசு விருந்துகளை ஏற்பாடு செய்யும் செயலாளரின் அலுவலகமும், அழைப்பிதழ்களைக் கையால் அழகுற எழுதித் தருபவர்களின் அறையும் அங்கேதான் இருந்தன. மாளிகைக்குச் செல்லும் நடைபாதையின் ஓரத்தில் அதிபர் குடும்பத்துக்கான சிறு திரையரங்கு ஒன்றும் இருந்தது. மாளிகையைப் பார்க்க வரும் பொதுமக்கள் உள்ளே நுழைந்ததும் இந்த வழியாகத்தான். நாட்டின் கொள்கை முடிவுகள் மேற்குப் பிரிவில் எடுக்கப்பட்டன என்றால், சாதாரணக் குடிமக்கள் கால் வைத்த பகுதி கிழக்குப் பிரிவு. இடிப்புப் படங்களைக் கண்டு பலர் கலங்கியதற்கு, கட்டடத்தின் வயதைவிட இதுவே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

விருந்து மண்டபம் உண்மையிலேயே தேவையா?

தேவை இருக்கிறது என்பதை டிரம்பை எதிர்ப்பவர்களிலும் பலர் மறுப்பதில்லை. மாளிகையின் மிகப் பெரிய அறையான கிழக்கு அறையில் சுமார் 200 பேர்தான் அமர்ந்து உண்ண முடியும். அதற்கு மேல் விருந்தினர் வந்தால், தெற்குப் புல்வெளியில் கூடாரம் போட்டுத்தான் விருந்து நடத்த வேண்டும். மழை பெய்தால் புல்வெளி சேறாகும். இரு கட்சி அதிபர்களும் இந்தச் சங்கடத்தை அனுபவித்தவர்களே.

கேள்வி எழுந்தது அளவைப் பற்றித்தான். 2025 ஜூலை 31ஆம் தேதி அறிவிக்கப்பட்டபோது, மண்டபத்தின் பரப்பு 90,000 சதுர அடி என்றும், அதில் 650 பேர் அமரலாம் என்றும் சொல்லப்பட்டது. பிறகு 999 பேர் என்று எண்ணிக்கை ஏறியது. நடு மாளிகையின் மொத்தப் பரப்பே சுமார் 55,000 சதுர அடி. வீட்டோடு சேர்த்துக் கட்டும் மண்டபம் வீட்டையே சிறியதாக்கிவிடும் என்ற அச்சம் இந்த இரண்டு எண்களிலிருந்து பிறந்தது. முதலில் வடிவமைப்பை ஏற்ற மெக்ரீரி நிறுவனத்துக்கும் அதிபருக்கும் இடையே மண்டபத்தின் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்ததாகச் செய்திகள் வந்தன. டிசம்பரில் ஷாலோம் பரனெஸ் என்ற கட்டடக்கலைஞரின் நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது.

பழைய கட்டடத்தைத் தொடமாட்டோம் என்று வாக்குறுதி தரப்பட்டதா?

தரப்பட்டது. சர்ச்சையின் சூடு பெரும்பாலும் இதிலிருந்துதான் வந்தது. ஜூலை 31ஆம் தேதி டிரம்ப் பேசியபோது, புதிய மண்டபம் இப்போதைய கட்டடத்துக்கு இடையூறாக இராது, அதன் அருகே இருக்குமே தவிர அதைத் தொடாது என்று தம் வாயாலேயே சொன்னார். பழைய கட்டடத்துக்கு முழு மரியாதை தரப்படும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்டோபர் 20ஆம் தேதி, பல்கலைக்கழகப் பேஸ்பால் போட்டியில் வென்ற லூசியானா மாணவர்களைக் கிழக்கு அறையில் வரவேற்றுப் பேசும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் வேலை அன்றுதான் தொடங்கியிருக்கிறது, அவ்வப்போது சத்தம் கேட்கலாம் என்று இயல்பாகச் சொன்னார். அதே நேரத்தில் வெளியே இயந்திரங்கள் கிழக்குப் பிரிவின் முகப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் செனட்டர்களுக்கு அளித்த மதிய விருந்தில், அந்தச் சத்தம் தமக்குப் பணத்தை நினைவூட்டுவதாகக் கூறினார். அக்டோபர் 22ஆம் தேதிதான் விளக்கம் வந்தது: வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் பழைய கட்டடத்தை எடுத்தாக வேண்டும் என்று தீவிர ஆய்வுக்குப் பின் முடிவு செய்ததாகவும், கிழக்குப் பிரிவை யாரும் பெரிதாக மதித்ததில்லை என்றும் அவர் சொன்னார்.

முடிவு மாறியதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது. கட்டட வேலையில் திட்டம் மாறுவது வழக்கம். ஆனால் மாறிய முடிவை அறிவித்துவிட்டு இடிப்பதற்கும், இடித்துக்கொண்டே அறிவிப்பதற்கும் வேறுபாடு உண்டு. நாட்டு மக்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது அறிக்கை வழியாக அல்ல, புகைப்படங்கள் வழியாக. அடுத்த கட்டடமான நிதித் துறை அலுவலகத்திலிருந்து பார்த்தால் இடிப்பு நன்றாகத் தெரியும். அங்கே பணிபுரிபவர்கள் படமெடுத்துப் பகிரக் கூடாது என்று அவர்களுக்கு அறிவுறுத்தல் போனது.

இடிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் திட்டம் எதுவும் பழைய கட்டடங்களைப் பாதிக்குமானால் முதலில் ஆய்வும் ஆலோசனையும் நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு, வெள்ளை மாளிகை, உச்ச நீதிமன்றக் கட்டடம், நாடாளுமன்றக் கட்டடம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. அரசின் மூன்று அங்கங்களும் தத்தம் இல்லத்தைத் தாமே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இந்த விலக்கில் தொக்கி நிற்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன செய்வது என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

அடுத்தது தேசியத் தலைநகரத் திட்ட ஆணையம். வாஷிங்டனில் மத்திய அரசு கட்டும் கட்டடங்களின் திட்டங்களை ஆராயும் அமைப்பு அது. 2025இல் அதன் தலைவராக இருந்தவர் வில் ஷார்ஃப். வெள்ளை மாளிகையின் உயர் அலுவலர்களில் ஒருவரும் அவரே. புதிதாகக் கட்டுவதுதான் ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வரும், இடிப்பும் நிலத்தைத் தயார் செய்வதும் வராது என்பது அவர் எடுத்த நிலை. இதன்படி, இடித்து முடித்த பிறகுதான் வரைபடம் ஆணையத்தின் முன் வரும். அப்போது ஆணையம் எதை ஆராயும்? பழைய கட்டடத்தை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கே இடமிராது. காலியாகக் கிடக்கும் மனையில் என்ன கட்டலாம் என்பது மட்டுமே மிஞ்சும். இடிப்பையும் கட்டுவதையும் இரண்டு தனித் திட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் இந்த வாதம் சட்டத்தின் எழுத்துக்கு ஒருவேளை பொருந்தலாம். அறிவுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. இடிப்பு நடந்த நாட்களில் அரசு நிதி ஒதுக்கீடு இன்றி மத்திய அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன. அந்த ஆணையத்தின் அலுவலகமும் பூட்டித்தான் இருந்தது.

மூன்றாவது, 1910இல் நாடாளுமன்றம் ஏற்படுத்திய நுண்கலை ஆணையம். தலைநகரின் பொதுக் கட்டடங்களின் தோற்றம் பற்றி ஆலோசனை சொல்வது அதன் பணி. அதில் அப்போது இருந்த ஆறு உறுப்பினர்களையும் அக்டோபர் 28ஆம் தேதி டிரம்ப் பதவி நீக்கினார். நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2021இல் ஜோ பைடனும் டிரம்ப் நியமித்த நான்கு உறுப்பினர்களை இதே ஆணையத்திலிருந்து விலக்கினார். கதவை முதலில் திறந்தவர் அவர்.

இதே டிரம்ப் தம் முதல் ஆட்சிக் காலத்தில் வெள்ளை மாளிகை வளாகத்தில் சிறிய டென்னிஸ் அரங்கம் ஒன்றைக் கட்டியபோது, அதன் திட்டம் தலைநகரத் திட்ட ஆணையத்தின் முன் வைக்கப்பட்டு, 2019இல் ஒப்புதல் பெற்ற பிறகே கட்டப்பட்டது. வழிமுறை தெரியாமல் நடந்தது இது என்று சொல்ல முடியாது.

முந்தைய அதிபர்களும் இடித்துக் கட்டியவர்கள்தானே?

ஆம். இந்த வாதத்தை வெள்ளை மாளிகை பெரிதாக முன்வைத்தது. எழும் எதிர்ப்பைத் திட்டமிட்டுக் கிளப்பப்பட்ட கூச்சல் என்று சொல்லி, பழைய மாற்றங்களின் பட்டியலையும் படங்களையும் வெளியிட்டது. அந்தப் பட்டியல் பொய்யல்ல. தியடோர் ரூஸ்வெல்ட் மேற்குப் பிரிவைக் கட்டினார். 1970இல் நிக்சன் நீச்சல் குளத்தை மூடி அதன் மேல் செய்தியாளர் அறையை அமைத்தார்.

ஆனால் அந்தப் பட்டியலில் மிக வலுவான முன்னுதாரணம் ஹாரி ட்ரூமன். அவருடைய கதையைக் கூர்ந்து பார்த்தால் அது எதிர்த் திசையில் பேசுகிறது. 1948இல் அவருடைய மகளின் பியானோவின் கால் ஒன்று தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. மாளிகை இடிந்துவிழும் நிலையில் இருப்பதைப் பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். ட்ரூமன் குடும்பம் எதிரே உள்ள பிளேர் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. நாடாளுமன்றம் 1949இல் தனி ஆணையம் ஒன்றை ஏற்படுத்தி, நிதி ஒதுக்கியது. வெளிச்சுவர்களை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருந்த அனைத்தும் அகற்றப்பட்டன. 1952இல்தான் குடும்பம் திரும்பி வந்தது. உள்ளே புல்டோசரைக் கொண்டுபோகச் சுவரில் பெரிய திறப்பு வெட்ட வேண்டும் என்றபோது ட்ரூமன் சம்மதிக்கவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி எடுத்துச் சென்று உள்ளே மறுபடி பூட்டினார்கள். 2025இல் அழிந்ததைவிட அன்று அழிந்தது அதிகம் என்றும் சொல்லலாம். ஆயினும் கட்டடம் ஆபத்தில் இருந்தது, நாடாளுமன்றம் பணம் தந்தது, கண்காணிக்க ஆணையம் இருந்தது. இந்த மூன்றில் ஒன்றும் இப்போது இல்லை.

ட்ரூமனும் தவறாத மனிதரல்லர். தெற்கு முகப்பில் அவர் கட்டிய மேல்மாடத்தை நுண்கலை ஆணையம் எதிர்த்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் கட்டினார். இன்று அந்த மேல்மாடம் இல்லாத வெள்ளை மாளிகையை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. டிரம்பின் ஆதரவாளர்கள் இதைச் சுட்டிக்காட்டுவதில் நியாயம் இருக்கிறது.

பணம் யார் தருகிறார்கள்?

தாமும் நன்கொடையாளர்களும் தருவதாகவும், வரிப்பணம் ஒரு காசும் செலவாகாது என்றும் டிரம்ப் கூறினார். மதிப்பீடு முதலில் 20 கோடி டாலர்; அக்டோபரில் 30 கோடி; டிசம்பரில் 40 கோடி. நன்கொடைகள் தேசிய மால் (வாஷிங்டனின் நடுவே உள்ள பெரிய புல்வெளிப் பூங்கா) அறக்கட்டளை என்ற அமைப்பின் வழியாக வந்தன. அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், லாக்ஹீட் மார்ட்டின், பாலன்டிர், யூனியன் பசிபிக் ஆகியவை வெளியிடப்பட்ட பட்டியலில் இடம்பெற்றன. யார் எவ்வளவு தந்தார்கள் என்ற விவரம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு தொகை மட்டும் நீதிமன்ற ஆவணம் வழியாக வெளிச்சத்துக்கு வந்தது. 2021இல் தம் கணக்கை முடக்கியதற்காக யூடியூப் மீது டிரம்ப் தொடுத்த வழக்கு, 2025 செப்டம்பரில் 2.45 கோடி டாலருக்குச் சமரசமானது, அதில் 2.2 கோடி டாலர் இந்த மண்டபத்துக்காக மேற்படி அறக்கட்டளைக்குப் போகிறது.

நன்கொடையில் கட்டினால் மக்களுக்கு இலாபம்தானே? அதில் என்ன பிழை?

மேலோட்டமாகப் பார்த்தால் இலாபம்தான். ஆனால் அமெரிக்க முறையில் நாடாளுமன்றம் அதிபரைக் கட்டுப்படுத்தும் முதன்மையான கருவி நிதி ஒதுக்கீடு. பணம் கேட்டு வரும்போதுதான் திட்டம் என்ன, ஏன், எவ்வளவு என்று உறுப்பினர்கள் விசாரிக்க முடியும். தனியார் பணத்தில் கட்டினால் அந்த விசாரணையே நடக்காமல் போகிறது.

பணம் தந்தவர்கள் யார் என்பது அடுத்த சிக்கல். பட்டியலில் இருக்கும் நிறுவனங்களில் பல, அரசின் ஒப்பந்தங்களைப் பெறுபவை. சில அரசு தொடுத்த வழக்குகளை எதிர்கொள்பவை. இரயில் நிறுவனமான யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்னுடன் இணைவதற்கு அரசு அமைப்பின் ஒப்புதலை நாடி நின்றது. கைம்மாறு கேட்கப்பட்டது என்பதற்குச் சான்று இருக்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருடைய இல்லத்துக்கு, முடிவை எதிர்பார்ப்பவர்கள் மண்டபம் கட்டித் தருகிறார்கள் என்பதே போதும், ஐயம் எழ.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஜனநாயகக் கட்சியினரா?

அரசியல் எதிர்ப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. இது அவருடைய வீடல்ல, உங்கள் வீடு என்று ஹிலாரி கிளின்டன் எழுதினார். 2028இல் போட்டியிடும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் இந்த மண்டபத்தை இடிப்பதாக உறுதியளிக்க வேண்டும் என்று எரிக் ஸ்வால்வெல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கோரினார். ஓர் இடிப்பைக் கண்டித்துவிட்டு இன்னொரு இடிப்பை வாக்குறுதியாகக் கேட்பது, கண்டனத்தின் கனத்தைக் குறைக்கத்தான் செய்தது. குடியரசுக் கட்சியின் தலைவர்கள், அவைத்தலைவர் மைக் ஜான்சன் உட்பட, அதிபரை ஆதரித்தார்கள்.

கட்சி சாராத எதிர்ப்பு இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் ஆகஸ்டிலேயே வெளிப்படையான ஆய்வு வேண்டும் என்று கடிதம் எழுதியது. கட்டடக்கலை வரலாற்றாளர் சங்கம் இடிப்புக்குச் சில நாட்கள் முன்னர் கவலை தெரிவித்தது. அக்டோபர் இறுதியில் வாஷிங்டன் போஸ்ட், ஏபிசி, இப்சோஸ் இணைந்து நடத்திய கருத்துக்கணிப்பில் 56 சதவீதம் பேர் எதிர்த்தார்கள், 28 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். குடியரசுக் கட்சியினரிடையே ஆதரவே மிகுந்திருந்தது.

வழக்கு எந்த நிலையில் நின்றது?

தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை என்பது 1949இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த, அரசு சாராத அமைப்பு. அக்டோபர் 21ஆம் தேதி, பொது ஆய்வு முடியும் வரை இடிப்பை நிறுத்தும்படி கடிதம் எழுதியது, வேலை நிற்கவில்லை. டிசம்பர் 12ஆம் தேதி அது வாஷிங்டன் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இரு ஆணையங்களின் ஆய்வும் நடக்கவில்லை, சுற்றுச்சூழல் ஆய்வு பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை என்பவை அதன் வாதங்களில் சில. தலைநகரில் மத்திய அரசின் பொது நிலத்தில் நாடாளுமன்றத்தின் வெளிப்படையான அதிகாரமின்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. அறக்கட்டளையின் வலுவான பிடி அதுவே.

பாதுகாப்புக் காரணங்களால் வேலையை இடையில் நிறுத்தக் கூடாது என்றும், தரைக்கு மேலான கட்டுமானம் 2026 ஏப்ரலுக்கு முன் தொடங்காது என்றும் அரசு பதிலளித்தது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவரான நீதிபதி ரிச்சர்ட் லியோன், உடனடித் தடை விதிக்க மறுத்தார். ஆனால் மண்டபத்தின் அளவையும் இடத்தையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் விதத்தில் நிலத்தடி வேலைகள் எதுவும் நடந்தால், கட்டியதை அகற்ற வேண்டி வரலாம் என்று அரசை எச்சரித்தார். திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் தலைநகரத் திட்ட ஆணையத்திடம் கொண்டுசெல்வதாக அரசு சொன்னதையும் அதற்குக் கட்டாயமாக்கினார்.

இடிக்கப்பட்ட கட்டடத்தின் பொருட்கள் என்ன ஆயின?

வரலாற்று மதிப்புள்ள பொருட்கள் முன்பே எடுத்து வைக்கப்பட்டதாக வெள்ளை மாளிகை கூறியது. இடிப்புக்கு முன் கட்டடம் முழுவதும் புகைப்படமாகவும் டிஜிட்டல் அளவீடாகவும் பதிவு செய்யப்பட்டதாக வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் தெரிவித்தது.

பொதுமக்கள் இப்போது வெள்ளை மாளிகையைப் பார்க்க முடியுமா?

கட்டுமான வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்த பொதுப் பார்வை, 2025 டிசம்பரில் மாற்றப்பட்ட பாதையில் மீண்டும் தொடங்கியது. அதற்கான விண்ணப்பத்தை முன்போலவே தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் வழியாகத்தான் அமெரிக்கர்கள் அனுப்ப வேண்டும்.